நாடகத்திலிருந்து எடுத்த பாட்டு

பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவருக்குத்தான் நாடகப் பொறுப்பு வரும். முதல் சம்பளம் வருவதற்குள் தலைமையாசிரியர் உங்களைக் கூப்பிட்டு, "கலைவிழா நாடகத்தை நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் வந்தது. பணி ஓய்வு பெறும்வரை அது என்னை விட்டுப் போகவில்லை.

நாடகம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று இதில் எழுதப் போவதில்லை. வசனத்தை மனப்பாடம் செய்யவைப்பது, மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று காட்டுவது, வேட்டி அவிழாமல் கட்டிவிடுவது எல்லாம் ஓரிரு விழாக்களில் தானாக வந்துவிடும். எந்த நாடகத்தை எடுப்பது என்பதுதான் கஷ்டம். எடுத்த பிறகு இடையில் ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடக் கஷ்டம். ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன்பு சில வருடங்கள் கடலூரில் ஒரு நாளிதழில் செய்தி எழுதினேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது அங்கே பழகியது. இதையும் அப்படியே சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அண்ணாகிராமம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. சுற்றிலும் முந்திரித் தோப்பு. பிள்ளைகளின் வீடுகளில் பெண்கள் முந்திரி உடைக்கப் போவார்கள். ஆண்கள் பண்ருட்டி மண்டியில் மூட்டை தூக்குவார்கள், அல்லது வண்டி ஓட்டுவார்கள். எங்கள் நாடகம் முதலில் பள்ளி மைதானத்தில் ஊர்க்காரர்களுக்கு முன்னால் நடக்கும். அதே நாடகம் அடுத்த வாரம் சிதம்பரத்தில் மாவட்டப் போட்டிக்குப் போகும். மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் வேறு, சிதம்பரத்தில் மதிப்பெண் போடுபவர்கள் வேறு. ஒரே நாடகத்தை இருவருக்குமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த வருடம் மூன்று நாடகங்கள் இருந்தன. ஒன்று பிளாஸ்டிக் ஒழிப்பு. அது ஒவ்வொரு வருடமும் வரும். இன்னொன்று டவுன் பஸ்ஸில் நடக்கும் ஒரு சிரிப்பு நாடகம். மூன்றாவது பிளஸ் ஒன் பிள்ளைகளே கூடிப் பேசி உருவாக்கியது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகன் பெட்டியில் திரும்பி வருகிறான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அதிகாரி சொல்கிறார். அம்மா பெட்டியின் மேல் கை வைத்து ஒப்பாரி வைக்கிறாள். அதோடு நாடகம் முடிகிறது. இந்த மாவட்டத்தில் அந்தக் கதைக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அம்மாவாக நடித்தவள் கீர்த்திகா. பாட்டும் அவள் கட்டியதுதான்.

"பலாக்கொட்டை சுட்டு வச்சேன்
பையில போட மறந்து வச்சேன்"

என்று ஆரம்பிக்கும். முதல் தடவை அவள் வகுப்பறையில் பாடிக்காட்டியபோது பின் பெஞ்சில் ஒருவரும் பேசவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாடகத்தை அந்தக் குரலுக்காகத்தான் தேர்ந்தெடுத்தோம். சிதம்பரத்தில் மதிப்பெண் போடுபவர்களுக்கு நாட்டுப்புறப் பாட்டு என்றால் பிடிக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். வாய்க்குள் முணுமுணுத்தாலே பெரியவர்கள் அதட்டுவார்கள். எங்களுக்கும் அது தெரியாததல்ல. அதனால்தான் தலைமையாசிரியையும் நானும் ஒரு விதி வைத்தோம். பாட்டைப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தோப்பில் மட்டுமே பழக வேண்டும். வீட்டில் பாடக் கூடாது. பிள்ளைகள் சரியென்று தலையாட்டினார்கள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

கீர்த்திகாவின் வீடு கூட்டுக் குடும்பம். அப்பா, அவருக்கு மூத்தவரான பெரியப்பா, இளையவரான சித்தப்பா, மூன்று குடும்பமும் ஒரே கூரையில். சித்தப்பா லோடு வண்டி ஓட்டினார். சீசனில் பண்ருட்டியிலிருந்து பலா ஏற்றுவார், மற்ற நாட்களில் கிடைத்த சரக்கு. நல்ல வாயாடி. பெற்றோர் கூட்டத்துக்கு அண்ணனுக்குப் பதிலாக அவர்தான் வருவார். "எங்க பொண்ணு கணக்குல எப்பிடி சார்? எங்கள மாதிரி வெரல் விட்டு எண்ணாம இருந்தா சரி" என்று எல்லாரையும் சிரிக்கவைப்பார்.

ஒருநாள் அவள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டு தன்னையறியாமல் முணுமுணுத்திருக்கிறாள். அது சித்தப்பாவின் காதில் விழுந்துவிட்டது. பிறகு நடந்ததை அவளுடைய அம்மா என்னிடம் சொன்னார்.

"இன்னாடி, யாருக்கு இந்த அழுவ?"

"நாடகத்துக்கு சித்தப்பா. வூட்ல பாடக் கூடாது."

"அடச்சீ. நான் செத்தா நீ அழுவுறத நான் எங்க கேக்கப் போறேன்? இப்பவே பாடு, கேட்டுக்கறேன்."

"ஐயோ சித்தப்பா!"

"பாடுறி. எம் பேரு போட்டுப் பாடு."

திட்டிக்கொண்டு வந்த அம்மாவை அவரே தடுத்திருக்கிறார். "விடு அண்ணி, கொழந்த பாடட்டும்." கயிற்றுக் கட்டிலில் கைகளைக் கட்டிக்கொண்டு பிணம் மாதிரி படுத்தும் காட்டியிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே பாடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

அதே வாரத்தில் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் காலி டிரம் ஏற்றிக்கொண்டு போன அவருடைய வண்டி, மழையில் சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் மோதியது. கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

துக்கம் விசாரிக்கத் தலைமையாசிரியையும் நானும் போனோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். கீர்த்திகா வட்டத்தில் இல்லை. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அழக்கூட இல்லை. வட்டத்திலிருந்து ஒரு பெண் தலையைத் திருப்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அன்னிக்கு அந்தப் பாட்டுப் பாடுன. இன்னிக்கு வாயி வரலியா?"

யாரும் அந்தப் பெண்ணை அடக்கவில்லை. பாட்டு தொடர்ந்தது.

பிறகு பெரியப்பா பள்ளிக்கு வந்தார். சத்தம் போடுகிற மனிதர் அல்ல. தலைமையாசிரியையின் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"உங்க மேல குத்தம் சொல்லல டீச்சர். நீங்க டவுன்காரங்க. அது சின்னப் பொண்ணு. ஆனா எந் தம்பி போயிட்டான். அந்தப் பாட்டு இனிமே இந்த ஊர்ல கேக்கக் கூடாது."

"பாட்டுக்கும் ஆக்சிடெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன்.

"சம்பந்தம் இல்லேன்னே வச்சிக்குவோம் சார். நீங்க உங்க வூட்ல பாடச் சொல்லுங்களேன்."

அவர் போன பிறகு தலைமையாசிரியை சொன்னார். "நாடகத்தையே எடுத்துடலாம் சார். பஸ் நாடகத்தப் போட்டுடலாம்."

"எடுத்தா அந்தப் பொண்ணு பாடித்தான் செத்தாருன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும் மேடம்."

"போட்டா?"

"போட்டா கலாட்டா வரும்."

"வந்தா யாரு நிக்கறது? நீங்க நிப்பீங்களா?"

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள். விழா நெருங்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

கருமாதி முடிந்து கீர்த்திகா பள்ளிக்கு வந்தாள். தோப்புப் பக்கம் போகும் வழியில் என்னை நிறுத்தினாள்.

"சார், நான் நடிக்கல. வூட்ல விட மாட்டாங்க."

"தெரியும்மா. நீ அதப் பத்திக் கவலப்படாத."

"ஆனா நாடகம் நடக்கணும் சார். மோனிஷாவப் பாடச் சொல்லுங்க."

மோனிஷா அவளுடைய தோழி. நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக நடித்தவள். பாட்டு முழுவதும் அவளுக்குத் தெரியும்.

"அவ பாடணும்னு ஏம்மா சொல்ற?"

கொஞ்ச நேரம் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "அவ பாடி, அவங்க வூட்ல எல்லாரும் நல்லா இருந்தாங்கன்னா..." என்றாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதே பாட்டை வேறொருத்தி பாட வேண்டும். பாடிய பிறகு ஒன்றும் நடக்காமல் இருக்க வேண்டும். ஊர் அதைப் பார்க்க வேண்டும்.

மோனிஷாவின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா நாற்காலி போட்டு, டீ கொடுத்து, மரியாதையாகச் சொன்னார். "நடிக்கட்டும் சார். பாட்டு வேணாம். நல்லா இருக்கற வூட்ல எதுக்கு வெளையாட்டு?" பாடக்கூடிய இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்த வீடுகளிலும் அதே பதில்தான் வந்தது. ஒரு வீட்டில் டீ கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகள் வேண்டாம், திரைக்குப் பின்னால் மைக்கில் ஆசிரியர் யாராவது பாடலாமே என்று எனக்குத் தோன்றியது. ஊழியர் அறையில் எடுத்துச் சொன்னேன். அங்கே இயற்பியல் படித்தவர்கள் இருந்தார்கள், விலங்கியல் படித்தவர்கள் இருந்தார்கள். விபத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேருக்குக் கண் கலங்கியது. அறையில் நன்றாகப் பாடக்கூடிய ஆசிரியை ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூரில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் கெடையாது சார்" என்றார். "ஆனா அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. இப்ப வேணாமே."

"நீங்க பாடுங்களேன் சார்" என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். ஒப்பாரிக்கு நல்ல குரல் வேண்டும் என்பதில்லை. என் மனைவிக்கு அப்போது மருத்துவப் பரிசோதனை முடிவு வரவேண்டியிருந்தது. மணி அடித்தது. எல்லாரும் வகுப்புக்குப் போனோம்.

கடைசியில் எடுத்த முடிவு இது. நாடகம் நடக்கும். பாட்டு இருக்காது. அம்மாவாக மோனிஷா நடிப்பாள், பெட்டியின் அருகில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள், திரை விழும். இதை முதலில் சொன்னது தலைமையாசிரியையா நானா என்று நினைவில்லை. இருவருக்கும் உடனே பிடித்துப்போனது. பெரியப்பா கேட்டது கிடைக்கிறது. நாடகம் நிற்கவில்லை, அதனால் பெண்ணையும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

பத்திரிகையில் இருந்தபோது விபத்துச் செய்தியில் சில விவரங்களை விட்டுவிடுவோம். இறந்தவர் யாருடன் வண்டியில் போனார் என்பது போன்றவை. குடும்பத்துக்கு நல்லது செய்கிறோம் என்று நினைப்போம். வெளியூர்க்காரர்கள் கவனிக்க மாட்டார்கள்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் செய்தியைப் படித்ததும் முதலில் தேடுவது அந்த விட்டுப்போன விவரத்தைத்தான். இது எனக்குத் தெரிந்திருந்தது. மேடைக்கும் அது பொருந்தும் என்று அந்த வாரத்தில் தோன்றவில்லை.

விழாவுக்குக் கீர்த்திகா வருவாளா என்று நினைத்தேன். அம்மாவுடன் வந்தாள். பெண்கள் பக்கத்தில், நடுவில் உட்கார்ந்தாள். பெரியப்பா முன்வரிசையில் இருந்தார். மைதானம் நிறைந்திருந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் நாடகத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

நாடகம் நன்றாகப் போனது. அதிகாரியாக நடித்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பெட்டி மேடைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. மோனிஷா பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்தாள். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்தாள்.

முன்னால் தரையில் இருந்த சின்னப் பிள்ளைகளில் ஒன்று, "இங்கதான் அந்தப் பாட்டு வரும்" என்று சத்தமாகச் சொன்னது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். அதற்குள் தலைகள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. பெண்கள் பக்கத்தில் முதலில் திரும்பின, பிறகு ஆண்கள் பக்கத்தில். நான் மேடையின் ஓரத்தில், திரைக் கயிற்றின் பக்கத்தில் நின்றிருந்ததால் எல்லா முகங்களும் எனக்குத் தெரிந்தன. பிறகு, ஒரு முகம்கூட மேடையைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்க்கவில்லை. சிலர் பாவமாகவே பார்த்தார்கள். பாட்டை எடுத்துவிட்டார்கள் என்றால் பள்ளிக்கூடத்துக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

கீர்த்திகா மேடையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் கயிற்றை இழுத்தேன். திரை வழக்கம்போல் பாதியில் சிக்கியது. கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் சிதம்பரம் போனோம். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. மோனிஷா அதேபோல் பேசாமல் உட்கார்ந்தாள், அரங்கம் அப்படியே அடங்கியது. நடுவர்களில் ஒருவர் மைக்கில் வந்து, ஒரு தாயின் துயரத்தைச் சத்தமில்லாமல் காட்டத் துணிந்த ஆசிரியரைப் பாராட்டுவதாகச் சொன்னார். இரண்டாம் பரிசு. மேடையில் நான்தான் வாங்கினேன். திரும்பும் வேனில் பிள்ளைகள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுப் போட்டி விளையாடலாம் என்று ஒருவன் ஆரம்பித்தான். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு விஷயங்கள். ஒரு நாடகத்தை ஒரே குரலை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒப்பாரியை அந்தப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்துதான் பாடுகிறார்கள். நாங்கள்தான் மேடைக்காக அதை ஒரு பெண்ணின் தனிப்பாட்டாக ஆக்கினோம். முதல் நாளிலிருந்தே வகுப்பு முழுவதும் சேர்ந்து பாடியிருந்தால், அது அவளுடைய பாட்டு என்று ஊர் சொல்லியிருக்க முடியாது. இரண்டாவது, நெருக்கடியில் எல்லாருக்கும் உடனே பிடித்துப்போகிற முடிவு வந்தால் கொஞ்சம் நின்று, அந்த முடிவுக்கான விலை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். அந்த அறையில் இல்லாத ஒருவர் தலையில் விழும். எங்கள் அறையில் கீர்த்திகா இல்லை.

அவள் படிப்பை விடவில்லை. வீட்டில் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தோம், அப்படி நடக்கவில்லை. ஒழுங்காக வந்தாள், ஒழுங்காக எழுதினாள். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் மெதுவாகப் படிப்பாள். காலை வழிபாட்டில் மட்டும் எல்லாரும் பாடும்போது உதடுகளை மூடிக்கொண்டு நிற்பாள். வரிசையின் கடைசியில் நின்று நான் சில வாரங்கள் அதைக் கவனித்தேன். பிறகு ஒருநாள் வழிபாடு முடிந்து வகுப்புக்குப் போகும்போது கூப்பிட்டேன்.

"ஏம்மா, எல்லாரும் சேந்து பாடுறதுதான? அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்பறம் ஏன் பாட மாட்டேங்கற?"

சுற்றிலும் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் முன்னால் போய்விட்டிருந்தார்கள்.

"தம்பிக்கு ஜுரம் சார்" என்றாள். "செரியாவட்டும்."